பூட்டிய அறைகளின் வரலாறு: கொல்கத்தா முதல் மாயாபுரி வரை

2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்தில், மேற்கு டெல்லியின் மாயாபுரியைச் சேர்ந்த பழைய இரும்பு வணிகர் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தோல் கறுத்திருந்தது, முடி உதிர்ந்துகொண்டிருந்தது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கதிர்வீச்சின் பாதிப்பாக இருக்கலாம் என ஐயுற்ற மருத்துவர்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் செய்தி அனுப்பினர். அளவுமானிகளோடு வந்த குழுவினர் மாயாபுரியின் இரும்புக் குவியல்களுக்கு இடையே கோபால்ட்-60 துண்டுகளைக் கண்டெடுத்தனர். ஒரு துண்டு மற்றொரு வணிகரின் பணப்பையில், கால்சட்டைப் பின்பையில் இருந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் அம்மாத இறுதியில் இறந்தார்.

அந்தக் கோபால்ட் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறியச் சில வாரங்கள் ஆயின. அணு உலையிலிருந்தோ மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவிலிருந்தோ வரவில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில், 1985க்குப் பின் எவரும் பயன்படுத்தாமல் கிடந்த 'காமாசெல்' என்னும் கருவியிலிருந்து வந்தது. பழைய பொருட்களோடு பொருளாக அது 2010 பிப்ரவரியில் ஏலம் விடப்பட்டிருந்தது.

இந்நிகழ்வைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் கதிரியக்கத்தைப் பற்றியே எழுதினர். அது இயல்பே. ஆயினும் இதற்குள் இன்னொரு வரலாறும் இருக்கிறது. ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் பூட்டிய கருவி அறை எப்படி உருவாகிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, வேறு துறையினர் அதனுள் நுழைய முடியுமா, முடியாவிட்டால் என்ன நேர்கிறது என்பவை அவ்வரலாற்றின் கேள்விகள். அதன் தொடக்கத்தைக் காண 55 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1955இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு எச்.இ.சி.-2எம் என்னும் பிரிட்டானியக் கணினி வந்து சேர்ந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் மின்னணு எண்ணியல் கணினி அதுவே. அதன் நினைவகம் ஒரு காந்த உருளை. கொள்ளளவு 1024 சொற்கள். அதை இயங்கவைக்கும் பொறுப்பு நிறுவனத்தின் சொந்தப் பொறியாளர்களான மோஹி முகர்ஜி, அமரேஷ் ராய் ஆகியோரைச் சார்ந்தது. வெற்றிடக் குழாய்கள் வெப்பத்தைக் கக்குபவை. கொல்கத்தாவின் ஈரக்காற்றோ மின்சுற்றுகளின் பகை. ஆகவே அதற்குக் குளிரூட்டிய, கதவடைத்த அறை வேண்டியிருந்தது. இந்தியக் கணினி அறைக்குப் போடப்பட்ட முதல் பூட்டு திருடனுக்கு எதிரானதன்று. தூசிக்கும் வெப்பத்துக்கும் எதிரானது. பிற்காலத்தில் நாடெங்கும் கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றும் வழக்கம் நிலைபெற்றதும் இக்காரணத்தால்தான். அது கோயில் வழக்கத்தின் தொடர்ச்சி என்று வேடிக்கையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் அறைக்குள் செல்ல உரிமை பெற்றவர் யார், வெளியே நிற்பவர் யார் என்னும் பிரிவினையும் அந்த வாசலிலேயே தொடங்கிவிட்டது.

1958இல் சோவியத் ஒன்றியத்தின் 'உரால்' கணினியும் அதே நிறுவனத்துக்கு வந்தது. நாட்டில் வேறெங்கும் இத்தகைய பொறிகள் அரிதாக இருந்தமையால், பிற நிறுவனங்களின் ஆய்வாளர்களும் தம் கணக்குகளைச் சுமந்துகொண்டு கொல்கத்தாவுக்கு வந்தனர். எவரும் அப்படி அறிவிக்காமலே ஒரு நிறுவனத்தின் அறை நாட்டின் பொது அறையாயிற்று.

பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வேறு வழியில் சென்றது. ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு கணினியைத் தானே வடிவமைத்துக் கட்டியது. 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய அப்பொறிக்கு 1962இல் 'டிஃப்ராக்' எனப் பெயர் சூட்டியவர் நேரு. கட்டியவர்களே காவலர்களாகவும் இருந்த அறை அது. பழுதானால் எங்கே தொட வேண்டும் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும் என்பதால், சாவி இயல்பாகவே அவர்களிடம் தங்கியது. ஆனாலும் வெளி நிறுவனத்தாரின் கணக்குகளும் அதில் ஓடின. 1964இல் அங்கு நிறுவப்பட்ட சி.டி.சி. 3600 என்னும் பெரும்பொறி இதை முறைப்படியான ஏற்பாடாகவே மாற்றியது.

அக்காலத்து ஆய்வாளர் ஒருவர் இத்தகைய பொறியின் முகத்தைக் காணாமலே முனைவர் பட்டம் பெற்றுவிட முடியும். நிரலை வரிகட்டிய தாளில் எழுதித் தருவார். துளையிடும் பிரிவினர் அதை 80 நெடுவரிசை கொண்ட அட்டைகளில் துளைத்துத் தருவர். ரப்பர் வளையமிட்ட அட்டைக் கட்டை ஒரு சன்னல் வழியே உள்ளே கொடுக்க வேண்டும். ஆபரேட்டர் தம் வரிசைப்படி அதைப் பொறிக்கு ஊட்டுவார். மறுநாள், சில வேளை அதற்கும் மறுநாள், சுவரில் பொருத்திய மரப்புரைகளில் அச்சிட்ட தாள் காத்திருக்கும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் தாளில் பிழைச் செய்தி மட்டுமே இருக்கும், மீண்டும் வரிசை. இயற்பியலாரின் நீண்ட கணக்கு முதலிலா, கட்டடப் பொறியியலாரின் குறுங்கணக்கு முதலிலா என்னும் பூசல் எல்லா மையங்களிலும் இருந்தது. அதைத் தீர்க்கக் குழுக்கள் அமைந்தன. குழுக்களின் தீர்ப்பை மாற்றும் வல்லமை பெற்றவர்களாய் இரவுப்பணி ஆபரேட்டர்கள் விளங்கினர். அவர்களின் நட்பைப் பெறுவதும் ஆய்வுமுறையின் ஒரு பகுதியாயிற்று.

இந்தச் சன்னலை உடைத்த இடம் கான்பூர். ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டுத் திட்டத்தின் கீழ், 1963 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது. உடன் வந்த வல்லுநர்களுள் ஒருவர் ஹாரி ஹஸ்கி. அங்கு ஆசிரியராகச் சேர்ந்திருந்த ஈரோட்டுக்காரரான வி. ராஜாராமன் போன்றோர் எடுத்த நிலைப்பாடு அன்றைய இந்தியச் சூழலில் துணிச்சலானது: மாணவர் அறைக்குள் வந்து தாமே பொறியை இயக்கலாம். வெளியூர் ஆசிரியர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் பத்து நாள் வகுப்புகள் நடந்தன. பொறி இரவிலும் ஓய்ந்திருக்கவில்லை.

இதில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கான்பூரில் கணினியியல் தனித்துறையானது 1984இல்தான். அதாவது அறை வந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே அவ்வறையைத் தனக்குரியதெனச் சொல்லத்தக்க ஒரு துறை வந்தது. இடைப்பட்ட காலத்தில் அது மின்பொறியியலாருக்கும் கணிதத்தாருக்கும் வேதியியலாருக்கும் பொதுவாகவே இருந்தது. எந்தத் துறையின் சொத்தும் அல்லாமல் இருந்ததே அவ்வறையின் நற்பேறு. எவர் தவறாகக் கையாண்டாலும் மறுநாள் காலையில் வேறு நான்கு துறையினருக்கு அது தெரிந்துவிடும்.

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370/155, கொல்கத்தாவிலும் சண்டிகரிலும் அரசு அமைத்த வட்டாரக் கணினி மையங்கள் ஆகியவை இதே வழியில் வந்தவை. 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது அதன் பொறிகளைப் பராமரிக்கும் பணி அரசு நிறுவனமான சி.எம்.சி.யிடம் வந்தது. அப்போது அறைகளின் சாவிக்கொத்தில் மற்றுமொரு கை சேர்ந்தது.

இவையெல்லாம் பகிர்தலின் மேன்மையை உணர்ந்து நிகழ்ந்தவை என்று எண்ணிவிடலாகாது. அன்னியச் செலாவணி இல்லை. இறக்குமதிக்கு டெல்லியின் ஒப்புதல் வேண்டும். 1966இல் ரூபாயின் மதிப்பு வேறு குறைக்கப்பட்டது. ஒன்றுக்கு மேல் வாங்க வழியில்லாததால் ஒன்றைப் பகிர்ந்தனர், அவ்வளவே. ஆனால் வறுமையின் விளைவாய் வந்த அந்த ஏற்பாடு, எவரும் திட்டமிடாத ஒரு காவலையும் உடன் கொண்டுவந்தது. பல துறையினர் வந்துபோகும் அறைக்கு முழுநேர ஆபரேட்டர் வேண்டும்; வந்தவர், போனவர், ஓடிய நேரம் ஆகியவற்றைக் குறிக்கப் பதிவேடு வேண்டும்; கட்டணம் பிரிக்கக் கணக்கர் வேண்டும். இத்தனை பேரின் கண்ணில் படாமல் ஒரு பொறி அங்கே இருபத்தைந்து ஆண்டுகள் கிடக்க முடியாது.

கணினிக்கு அடுத்து இதே வழியில் சென்றவை ஆய்வுக்கருவிகள். 1971இல் உருவான அறிவியல் தொழில்நுட்பத் துறை, அப்பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து வட்டார நுண்கருவி மையங்களை அமைக்கத் தொடங்கியது. சென்னை, மும்பை ஐ.ஐ.டி.கள், லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், கொல்கத்தாவின் போஸ் நிறுவனம், ஷில்லாங், சண்டிகர், நாக்பூர் ஆகிய ஊர்களின் பல்கலைக்கழகங்கள் என அம்மையங்கள் பரவின. இன்று 'சைஃப்' என்னும் பெயரால் ஆய்வு மாணவர் அறிவது இவற்றையே. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுமானி, நிறை நிறமாலைமானி, மின்னணு நுண்ணோக்கி முதலியவை அங்கே வைக்கப்பட்டன.

இக்கருவிகள் ஒவ்வொன்றும் தனக்கேற்ற அறையைக் கேட்பவை. மின்னணு நுண்ணோக்கி அதிர்வைப் பொறுக்காது. ஆகவே பெரும்பாலும் தரைத்தளமே அதன் இருப்பிடம். மீகடத்திக் காந்தம் கொண்ட ஒத்ததிர்வுமானிக்குத் திரவ ஹீலியம் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதயத்துடிப்பு முடுக்கி பொருத்தியவர் அதன் அருகே செல்லலாகாது. குளிர்வு குலைந்து ஹீலியம் ஒரேயடியாக ஆவியானால் மூடிய அறையில் மூச்சுவிட உயிர்வளி போதாமற்போகும். எனவே பூட்டு அங்கே தேவையானதே. ஆனால் பூட்டுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருந்தது. மாதிரியோடு ஒரு படிவம் வர வேண்டும், அதில் எரியும் தன்மை, நச்சுத்தன்மை குறிக்க வேண்டும், பல்கலைக்கழகத்தாருக்கு ஒரு கட்டணம், தொழிற்சாலைகளுக்கு வேறு கட்டணம், கருவியருகே நாட்குறிப்பேடு. மாதிரியை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் நிறமாலைக்காகக் காத்திருந்த தலைமுறைக்கு அந்த ஒழுங்கு எரிச்சலாகவே தோன்றியது. அந்த எரிச்சல் நியாயமானதுதான். எனினும் நாட்குறிப்பேட்டின் வரிகள் சில மாதங்கள் வெறுமையாக இருந்தால், 'இக்கருவி ஏன் ஓடவில்லை' என்று கேட்கப் பணம் கொடுத்த துறை ஒன்று டெல்லியில் இருந்தது.

1984இல் பல்கலைக்கழக மானியக் குழு டெல்லியில் அமைத்த அணுக்கரு அறிவியல் மையம், இன்றைய பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம், இதன் உச்சம் எனலாம். முடுக்கிக் கூடங்களில் சாவி ஒருவருடைய சட்டைப்பையில் இருப்பதில்லை. உள்ளே எவருமில்லை எனத் தேடி உறுதிசெய்து கதவை அடைத்தால்தான் துகள்கற்றை வரும். கதவு திறந்தால் கற்றை நின்றுவிடும். அங்கே பூட்டும் பொறியும் ஒரே மின்சுற்றின் உறுப்புகள்.

இனி, பகிரப்படாத அறைக்கு வருவோம்.

இந்தியப் பல்கலைக்கழகத் துறை ஒன்றில் கருவி வாங்கப்பட்டால் அது முதலில் ஏறுமிடம் இருப்புப் பதிவேடு. அலுவலக வழக்கில் 'டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்'. பொருளின் பெயர், வாங்கிய நாள், விலை, பொறுப்பாளரின் கையொப்பம் ஆகியன அதில் இருக்கும். அரசின் பொது நிதி விதிகள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் நிலைப்பொருட்களைச் சரிபார்க்கச் சொல்கின்றன. சரிபார்க்க வருபவர் பதிவேட்டில் உள்ள பொருள் அறையில் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் குறியிடுவார். அது ஓடுகிறதா, ஆபத்தானதா, அதைப் பற்றித் தெரிந்தவர் இன்னும் பணியில் இருக்கிறாரா என்பவை அவருடைய கேள்விகள் அல்ல. கருவி காணாமற்போனால் கையொப்பமிட்டவரின் ஓய்வூதியத்துக்கே இடையூறு வரலாம். ஆகவே கையொப்பமிட்டவர் அறையைப் பூட்டிச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். மற்றத் துறையினருக்குத் திறந்துவிடுவதால் அவருக்கு நன்மை ஏதும் இல்லை. பழுதானால் பழி மட்டும் உண்டு. இந்தியக் கல்விக்கூடங்களில் கருவிகள் பூட்டிக் கிடப்பதற்குப் பேராசிரியர்களின் பேராசையைக் காரணம் காட்டுவது எளிது. பதிவேட்டின் அமைப்பையும் அதன் அச்சத்தையும் காரணம் காட்டுவதே சரி.

காமாசெல் கருவி இத்தகைய அறைக்கு மிகவும் ஏற்றது, அவலமும் அதுவே. வேதிப்பொருட்களைக் காமாக் கதிருக்கு உட்படுத்தி ஆராய்வதற்காகக் கனடா அணுசக்தி நிறுவனம் செய்து விற்ற பொறி அது. கோபால்ட்-60 குச்சிகள் வளையமாக நடுவில் இருக்கும்; சுற்றிலும் கனத்த ஈயம். மாதிரிதான் உள்ளே இறங்கி மேலே வரும். கதிர்மூலம் ஒருபோதும் வெளிவராது. தனக்குத் தானே கவசம் அணிந்த அப்பொறிக்குத் தடித்த சுவர் கொண்ட அறை வேண்டியதில்லை. சாதாரண ஆய்வுக்கூட அறையிலேயே நிற்கும். ஓடாதபோது ஒலியில்லை, ஒளியில்லை, ஹீலியம் கேட்பதில்லை, மின்கட்டணமும் இல்லை. எவருக்கும் தொல்லை தராத பொருள்.

1960களின் இறுதியில் அது வாங்கப்பட்டபோது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமே பிறந்திருக்கவில்லை. வாரியம் அமைந்தது 1983இல். கருவி பயன்பாட்டிலிருந்து நீங்கியது 1985இல். கண்காணிப்பவர் வந்த வேளையில் பொருள் உறங்கப் போய்விட்டது. அதன்பின் கால்நூற்றாண்டில் ஆசிரியர்கள் ஓய்வு பெற்றனர். மாணவர் தலைமுறைகள் மாறின. கதிரியக்கம் மட்டும் தன் கணக்கில் குறைந்துகொண்டு வந்தது. கோபால்ட்-60இன் அரைவாழ்வுக் காலம் 5.27 ஆண்டுகள். நாற்பது ஆண்டுகளில் தொடக்க வலிமையில் சில நூறில் ஒரு பங்கே எஞ்சும். அந்த எச்சமே உயிரைப் பறிக்கப் போதுமானதாயிற்று.

பழைய பொருட்களைக் கழிக்கும்போது பதிவேட்டின் மொழியே மீண்டும் பேசியது. அம்மொழியில் விலையும் எடையும் உண்டு. உள்ளே இருப்பது என்ன என்பதற்குக் கட்டம் இல்லை. காயலான் கடைக்குப் பல டன் இரும்பும் ஈயமும் நல்ல சரக்கு. மாயாபுரியில் கவசத்தை உரித்தவர்களுக்கு, உள்ளே பளபளத்த உலோகக் குச்சிகள் ஈயத்தைவிட விலைபோகக்கூடியவையாகத் தோன்றியிருக்க வேண்டும்.

2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் அப்போது நடைமுறையில் இருந்தன. கதிர்மூலம் வைத்திருப்போர் உரிமம் பெற வேண்டும். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். வாரியத்தின் அனுமதியின்றி அதை அகற்றலாகாது. விதியில் குறையில்லை. ஆனால் விதி, வைத்திருப்பவர் தாம் வைத்திருப்பதை அறிவார் என்னும் நம்பிக்கையின்மேல் நின்றது. பூட்டிய அறை அந்த நம்பிக்கையைத் தின்றுவிட்டது. நிகழ்வுக்குப் பின் பல்கலைக்கழகத்தில் கதிர்மூலங்களைப் பயன்படுத்துவதை வாரியம் நிறுத்திவைத்தது. பன்னாட்டு அணு நிகழ்வு அளவுகோலில் மாயாபுரி 4ஆம் நிலையில் வைக்கப்பட்டது.

பகிர்ந்திருந்தால் இது நேர்ந்திராது என்று அடித்துச் சொல்ல வரலாறு இடந்தராது. பொதுப்பொருளைப் பேணுவாரில்லை என்பதும் உண்மையே. பல்கலைக்கழகப் பொதுக்கருவி மையங்களிலும் பழுதுபார்க்கப் பணமின்றித் துணிபோர்த்திய கருவிகள் உண்டு. வேறுபாடு ஒன்றுதான். பொதுமையத்தில் கருவி செத்தால் காத்திருக்கும் பயனாளர் கூச்சலிடுவார். துறையின் தனியறையில் செத்தால், கூச்சலிடத் தெரிந்த ஒரே மனிதர் ஓய்வுபெற்றிருப்பார்.

பற்றாக்குறை நீங்கிய காலம் இதை இன்னும் சிக்கலாக்கியது. 1984இன் கணினிக் கொள்கைக்குப் பின் மேசைக் கணினிகள் மலிந்தன. பெரும்பொறி அறைகள் கலைந்தன. 2000இல் தொடங்கிய 'ஃபிஸ்ட்' திட்டம் துறைகளுக்கே நேரடியாகக் கருவி வாங்கப் பணம் தந்தது. அது பல துறைகளைத் தூக்கி நிறுத்தியது என்பதை மறுப்பதற்கில்லை. கூடவே, ஒரே வளாகத்தில் ஒரே வகைக் கருவி மூன்று துறைகளில் மூன்று பூட்டுகளுக்குப் பின் இருக்கும் நிலையும் வந்தது. 1986இல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் உள்ளிட்ட எட்டு நிறுவனங்களோடு தொடங்கிய எர்நெட் வளாக வலையமைப்புகளாக விரிந்தபோது, கணினி அறையே சிறு சிறு அலமாரிகளாகச் சிதறி ஒவ்வொரு துறைக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழும் போய் அமர்ந்தது. கட்டடம் துறையுடையது, அலமாரி கணினி மையத்துடையது, மின்சாரம் பராமரிப்புப் பிரிவினுடையது, சாவி காவலாளியுடையது. அதே அறையில் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் இருப்பதை எந்த வளாகத்திலும் காணலாம்.

2020 ஜனவரியில் பெங்களூரு அறிவியல் மாநாட்டில் தொடங்கப்பட்ட 'ஐ-ஸ்டெம்' தளம், பொதுப்பணத்தில் வாங்கிய கருவிகளைப் பட்டியலிட்டு எந்த ஊர் ஆய்வாளரும் நேரம் கேட்க வழி செய்கிறது. 2022இல் வந்த 'ஸ்ரீமான்' வழிகாட்டு நெறிகள் பகிர்தலையும் பராமரிப்பையும் நிறுவனத்தின் கடமையாகவே வைக்கின்றன. கதிர்மூலங்களுக்கான உரிமங்கள் இப்போது வாரியத்தின் 'ஈ-லோரா' இணையமுறையில் பதிவாகின்றன. ஓடும் கருவிகளுக்கு இவை பொருந்தும். 1985இல் உறங்கிப்போன கருவி ஒன்று இவற்றுள் ஏற வேண்டுமானால், யாரேனும் முதலில் அந்த அறைக் கதவைத் திறந்து உள்ளே நிற்பது என்னவென்று பெயர் சொல்ல வேண்டும். துறையின் இருப்புப் பதிவேட்டிலோ இன்றும் அதே கட்டங்கள்தான்: பெயர், நாள், விலை, கையொப்பம்.

மாயாபுரியில் மீட்ட கோபால்ட் துண்டுகள் உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன.